நகத்தோடு போகும் எலும்பு

பூனையின் முன்பாதத்தைப் பிடித்து ஒரு விரல் நுனியை மேலும் கீழுமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். வளைந்த நகம் ஒன்று வெளியே நீளும். விட்டால் உள்ளே போய்விடும். ரப்பர் போல இழுபடும் ஒரு நார்தான் அதை உள்ளே இழுத்து வைத்திருக்கிறது.

நம் நகம் சதைமேல் படிந்து வளர்கிறது. பூனையின் நகமோ விரலின் கடைசி எலும்போடு ஒட்டிப் பிறக்கிறது. சோபாவைப் பிறாண்டிக் கிழிக்கிறதே என்று சிலர் அறுவை செய்து அந்த நகத்தையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். அது மறுபடி முளைக்கவே கூடாது என்றால் அந்த எலும்பையே எடுத்தாக வேண்டும். நம் விரல்களைக் கடைசி மூட்டோடு துண்டிப்பதற்குச் சமம் அது. முன்பாதங்களில் மட்டும் பத்து எலும்புகள். இதற்குப் போய் 'நகம் நீக்கம்' என்று பெயர்! ஏதோ சலூன் வேலை மாதிரி.

பூனை குதிகாலை ஊன்றுவதில்லை, விரல்களில்தான் நடக்கிறது. அதனால் நுனி எலும்பு போனால் நடையே மாறுகிறது. வெட்டும்போது எலும்புத் துணுக்கு தங்கிவிட்டால் ஒவ்வோர் அடியும் வலி. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நகம் நீக்கப்பட்ட 137 பூனைகளில் 63 சதவீதத்துக்கு அப்படித் துணுக்குகள் இருந்தன. அவற்றுக்கு முதுகுவலியும் கடிக்கும் பழக்கமும் மற்றப் பூனைகளைவிட அதிகம். மலம் கழிக்க வைத்த தட்டின் மணலில் கால் வைத்தால் வலிக்கிறதே என்று மெத்தையைத் தேடிப் போகிற பூனையும் உண்டு. சோபா தப்பித்தது, சரி. மெத்தை?

'நகத்தை எடுக்காவிட்டால் பூனையையே வெளியே விட வேண்டிவரும்' என்பார்கள். சிலருக்கு அது நிஜமான சங்கடம்தான். ஆனால் கடிக்கிற, மெத்தையை நனைக்கிற பூனையை மட்டும் எத்தனை பேர் வைத்துக்கொள்வார்கள்? பிரிட்டனில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிகிச்சைக்காக அன்றி இதைச் செய்ய முடியாது. அமெரிக்க மாநிலங்களில் முதலில் தடை விதித்தது நியூயார்க், 2019இல். விரலில் கட்டி, ஆறாத தொற்று என்றால் விதிவிலக்கு உண்டு.

பூனை பிறாண்டுவது வம்புக்கு அல்ல. நகத்தின் பழைய மேலுறை கழல வேண்டும், முதுகை நீட்டி முறிக்க வேண்டும், பாதத்துச் சுரப்பிகளின் வாசனையைப் பதிக்க வேண்டும். முழு உடம்பையும் நீட்டும் உயரத்தில், ஆடாமல் நிற்கும் கயிறு சுற்றிய கம்பத்தை அந்தச் சோபா பக்கத்திலேயே வையுங்கள். ஆடினால் ஒரு தடவை தொட்டுவிட்டு, அப்புறம் திரும்பியும் பார்க்காது. நகத்தை வெட்டும்போது ஒளி ஊடுருவும் நுனி மட்டும் போதும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவதில் ரத்தம் ஓடுகிறது.