நோட்ஸ் செயலியின் சாவி யாரிடம்?

போன வருஷம் பழைய நோட்ஸ் செயலி ஒன்றைத் திறக்கப் போனேன். பாஸ்வேர்டு நினைவுக்கு வரவில்லை. ‘மறந்துவிட்டதா?’ என்று கேட்ட இடத்தைத் தட்டினேன், மின்னஞ்சலில் இணைப்பு வந்தது, புதுப் பாஸ்வேர்டு போட்டேன். இரண்டே நிமிடத்தில் நாலு வருஷத்துக் குறிப்புகளும் வரிசையாக வந்து நின்றன. நகைக்கடன் வட்டி கட்ட வேண்டிய தேதி, அம்மாவின் சர்க்கரை அளவு, யாருக்கு எவ்வளவு கைமாற்று கொடுத்தேன் என்ற கணக்கு, எல்லாம். முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: பழைய பாஸ்வேர்டு இல்லாமலே அந்த நிறுவனத்தால் இத்தனையையும் எடுத்துத் தர முடிந்திருக்கிறது. அப்படியானால் இவற்றைப் படிக்க அவர்களுக்கு என் பாஸ்வேர்டு தேவையே இல்லை.

அந்தச் செயலியின் விளம்பரத்தில் ‘உங்கள் குறிப்புகள் குறியாக்கம் செய்து வைக்கப்படுகின்றன’ என்று இருந்தது. அது பொய்யும் இல்லை. போனிலிருந்து சர்வருக்குப் போகும் வழியில் பூட்டு உண்டு. சர்வரின் வட்டில் தூங்கும்போதும் பூட்டு உண்டு. ஆனால் இரண்டு பூட்டுக்கும் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. லாட்ஜில் அறைச் சாவியை நம் கையில் கொடுத்துவிட்டு, மாற்றுச் சாவியை வரவேற்பறையில் மாட்டி வைப்பது போல. கூகுள் கீப், நோஷன் இரண்டும் இந்த ரகம்தான்.

மாற்றுச் சாவி இருந்தால் என்ன, யார் போய் என் மளிகைக் கணக்கைப் படிக்கப்போகிறார்கள் என்று தோன்றும். 2016 டிசம்பரில் எவர்நோட் என்ற நோட்ஸ் செயலி நிறுவனம் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தது. கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலைக்காக, சில ஊழியர்கள் பயனர்களின் குறிப்புகளைப் பார்க்க நேரலாம் என்றது அந்த அறிவிப்பு. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். பின்வாங்கியது நல்ல விஷயம். ஆனால் கவனியுங்கள்: அந்த ஊழியர்களுக்கும் குறிப்புகளுக்கும் நடுவே நின்றது ஒரு கொள்கை ஆவணம் மட்டுமே. ஆவணத்தைத் திருத்தினால் தடை போய்விடும்.

தடையைக் கணிதத்தால் கட்டினால் அப்படித் திருத்த முடியாது. எண்ட்-டு-எண்ட் குறியாக்கம் செய்வது அதைத்தான். குறிப்பு உங்கள் போனிலேயே பூட்டப்படுகிறது, உங்கள் இன்னொரு கருவியில்தான் திறக்கிறது. நடுவில் இருக்கும் சர்வருக்கு அது வெறும் கூளம்.

சாவி எங்கிருந்து வருகிறது? உங்கள் பாஸ்வேர்டிலிருந்துதான். ஆனால் பாஸ்வேர்டையே சாவியாக வைத்தால் ஆபத்து. மனிதர்கள் வைக்கும் பாஸ்வேர்டுகள் எப்படிப்பட்டவை என்று நமக்கே தெரியும். அதனால் அதை ஒரு அரவை இயந்திரத்தில் போட்டு எடுக்கிறார்கள். எண்ட்-டு-எண்ட் முறையில் பூட்டும் ஸ்டாண்டர்ட் நோட்ஸ் என்ற செயலி பயன்படுத்தும் ஆர்கான்2 அப்படி ஒன்று. லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2015-இல் பாஸ்வேர்டு ஹாஷிங் போட்டியில் வென்றது. இதன் சிறப்பு, வேண்டுமென்றே நினைவகத்தைத் தின்பது. ஸ்டாண்டர்ட் நோட்ஸ் ஒரு பாஸ்வேர்டை அரைக்க 64 எம்பி எடுத்துக்கொள்கிறது. உங்கள் போனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, நீங்கள் ஒரு தடவைதான் அரைக்கிறீர்கள். ஆயிரம் பாஸ்வேர்டுகளை ஒரே நேரத்தில் முயன்று பார்க்க நினைக்கும் திருடனுக்கோ 64 ஜிபி வேண்டும். திருடன் இதற்குப் பயன்படுத்தும் கிராபிக்ஸ் கார்டில் ஆயிரக்கணக்கான குட்டிக் கணிப்பான்கள் இருந்தும், அத்தனைக்கும் பங்குபோட நினைவகம் பத்தாது.

அரைத்து வருவது 64 பைட் (ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண்). அதை இரண்டாக வெட்டுகிறார்கள். முதல் பாதி மூலச்சாவி, அது கருவியை விட்டு வெளியே போவதில்லை. இரண்டாம் பாதி சர்வருக்குப் போகிறது, நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள் என்று காட்ட. ஒரு பாதியை வைத்து மறுபாதியைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆக, சர்வருக்கு உங்களை அடையாளம் தெரியும், உங்கள் பாஸ்வேர்டு தெரியாது. எனக்கு இந்த ஏற்பாட்டில் ரொம்பப் பிடித்த இடம் இந்த வெட்டுதான்.

சரி, பூட்டுவது எப்படி? ‘அ’ என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொள்வோம். யுடிஎஃப்-8 முறையில் கணினி அதை 224, 174, 133 என்று மூன்று எண்களாக வைத்திருக்கிறது. சாவியிலிருந்து சாச்சா20 என்ற கணக்கு முறை (டேனியல் பெர்ன்ஸ்டைன் 2008-இல் வெளியிட்டது) தற்செயல் எண்கள் போலவே தோன்றும் ஒரு நீண்ட வரிசையைக் கொட்டும். உதாரணத்துக்கு அதில் முதல் மூன்று 157, 58, 211 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரிசையையும் இரும எண்ணாக எழுதி, பிட்டுக்குப் பிட்டு, அதாவது இலக்கத்துக்கு இலக்கம், ஒப்பிட வேண்டும்: இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் 0, வேறுபட்டால் 1. 224 என்பது 11100000, 157 என்பது 10011101, கிடைப்பது 01111101, அதாவது 125. இப்படியே 174 போய் 148 வரும், 133 போய் 86 வரும். சர்வருக்குப் போவது 125, 148, 86. திறக்கும்போது இதே 157, 58, 211-ஐ மறுபடி ஒப்பிட்டால் பழைய 224, 174, 133 வந்துவிடும். பேப்பரில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தமிழில் எழுதுபவர்களுக்கு அது கண்ணெதிரே தெரியும். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு பட்டியலில் நம் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடம் சின்னது. அதனால் எந்தத் தமிழ்க் குறியை எடுத்தாலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் மாறும். இப்போது இரண்டு குறிப்புகளை ஒரே எண்வரிசையால் பூட்டிவிட்டதாக வையுங்கள். பூட்டிய இரண்டையும் திருடன் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், சாவி அடிபட்டுப் போய்விடும். இரண்டிலும் 224 நேருக்கு நேர் நிற்கும் இடத்தில் 0 வரும், அடுத்து 0 அல்லது 1, அப்புறம் ஏதோ ஒன்று, மறுபடி 0. சொற்களுக்கு இடையிலான வெற்றிடம் ஒரே பைட் என்பதால் அங்கே தாளம் நழுவும், ஆனாலும் இது தமிழ் என்று சாவியே இல்லாமல் தெரிந்துபோகும். அங்கிருந்து சொற்களை ஊகிக்கத் தொடங்கலாம்.

இதைத் தடுக்க, ஒவ்வொரு முறை பூட்டும்போதும் சாவியோடு புதிதாக ஒரு எண்ணைக் கலக்கிறார்கள். அதற்கு நான்ஸ் என்று பெயர். அது ரகசியம் இல்லை, குறிப்போடு சேர்ந்தே போகும். திரும்ப வரக்கூடாது, அவ்வளவுதான். ஸ்டாண்டர்ட் நோட்ஸ், அதே ரகச் செயலியான நோட்ஸ்நூக் இரண்டும் பயன்படுத்தும் எக்ஸ்சாச்சா20-இல் (சாச்சா20-இன் இன்னொரு வடிவம்) இது 24 பைட் நீளம். அவ்வளவு நீளத்தில் குருட்டாம்போக்காக எடுத்தாலே போதும், அதே எண் மறுபடி விழும் என்ற பயம் வேண்டாம். கூடவே பாலி1305 என்ற 16 பைட் முத்திரையும் சேரும். நடுவில் யாராவது ஒரு பிட்டை மாற்றியிருந்தாலும் முத்திரை ஒத்துப்போகாது, செயலி குறிப்பைத் திறக்க மறுத்துவிடும்.

எவ்வளவு பூட்டினாலும் சில விஷயங்கள் வெளியே தெரியும். ‘அம்மா’ என்ற சொல் கணினிக்கு ஐந்து குறிகள் (அ, ம, புள்ளி, ம, துணைக்கால்), 15 பைட். பூட்டிய பிறகும் அந்த நீளம் மறையாது. எத்தனை குறிப்புகள் இருக்கின்றன, எது எப்போது மாறியது என்பதும் சர்வருக்குத் தெரியலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுதும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அது ரகசியமில்லை.

தேர்ந்தெடுக்கும்போது ‘குறியாக்கம் உண்டா’ என்று கேட்டுப் பயனில்லை, எல்லாரும் உண்டு என்பார்கள். பாஸ்வேர்டு மறந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். மின்னஞ்சல் இணைப்பு ஒன்றை மட்டும் வைத்து எல்லாவற்றையும் மீட்டுத் தந்தால், மாற்றுச் சாவி அவர்களிடம் இருக்கிறது. பூட்டும் நிரல் திறந்த மூலமா, அதாவது யாரும் படித்துச் சோதிக்கும்படி வெளியிடப்பட்டதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கம்பெனி சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை.

ஸ்டாண்டர்ட் நோட்ஸில் (2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் புரோட்டான் நிறுவனத்தோடு சேர்ந்தது) குறியாக்கத்தைத் தனியாக முடுக்க வேண்டாம், தானாகவே நடக்கும். இலவசக் கணக்கில் வசதிகள் கொஞ்சம் வறட்சி. ஜாப்லின் எனக்கு அதிகம் பிடித்தது: இலவசம், திறந்த மூலம், டிராப்பாக்ஸ் போன்ற நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் இடத்திலேயே சேமிக்கலாம். ஆனால் அதில் எண்ட்-டு-எண்ட் குறியாக்கத்தை அமைப்புகளில் போய் நீங்களாக முடுக்க வேண்டும். முடுக்காமல் விட்டால் டிராப்பாக்ஸில் கிடப்பது சாதா எழுத்து. முடுக்கினாலும் உங்கள் சொந்தக் கணினியில் இருக்கும் பிரதி பூட்டப்படுவதில்லை. அப்சிடியன் கோப்புகளை உங்கள் கருவியிலேயே வைக்கிறது, அதன் கட்டண ஒத்திசைவுச் சேவையில் எண்ட்-டு-எண்ட் குறியாக்கம் உண்டு. செயலி மட்டும் திறந்த மூலம் இல்லை. ஐபோன்காரர்கள் 2022 டிசம்பரில் வந்த ‘அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்ஷன்’ வசதியை முடுக்கினால் ஆப்பிள் நோட்ஸும் இந்த வரிசைக்கு வந்துவிடும். பிரிட்டனில் அரசின் கெடுபிடிக்குப் பிறகு, 2025 பிப்ரவரியில் புதியவர்களுக்கு அந்த வசதியை ஆப்பிள் நிறுத்திவிட்டது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது: கீபோர்டு. எழுத்து பூட்டுக்குள் போவதற்கு முன் கீபோர்டு செயலி வழியாகத்தான் போகிறது. தட்டச்சுக்குச் சோம்பல்பட்டுத் தமிழில் பேசியே குறிப்பு எடுப்பவர்கள் நம்மில் நிறைய. அந்தக் குரல் போனிலேயே எழுத்தாகிறதா, வேறு சர்வருக்குப் போய்த் திரும்புகிறதா என்பது கருவியையும் அமைப்பையும் பொறுத்தது. லாக்கர் எண்ணை நான் வாயால் சொல்வதில்லை, விரலால்தான் அடிக்கிறேன்.

அப்புறம், இந்த ரகச் செயலிகளில் பாஸ்வேர்டு போனால் போனதுதான். நான் ஜாப்லினுக்கு மாறிய புதிதில் வீராப்பாக இருபது எழுத்தில் ஒரு கலவைப் பாஸ்வேர்டு உருவாக்கி, காகிதத்தில் எழுதி பீரோவில் வைத்தேன். மூன்று மாதம் கழித்துப் புதுப் போனில் அடிக்கப் போனால், நடுவில் இருந்தது எண் 1-ஆ, சின்ன l-ஆ, பெரிய I-ஆ என்று என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. நல்ல வேளை, எட்டாவது முயற்சியில் திறந்தது. இப்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறு சொற்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதே பீரோ, அதே காகிதம், பின்பக்கத்தில் நீல மையில்.