பாஸ் கிளாரினெட்டும் பியானோவும் ஏன் இவ்வளவு ஒத்துப்போகின்றன?

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துப் புரவலர் வெர்னர் ரைன்ஹார்ட் தாமே பாஸ் கிளாரினெட் (சாதாரணக் கிளாரினெட்டைவிட ஆழ்ந்து ஒலிக்கும் பெரிய குழல் கருவி) வாசிப்பார். அவருக்காக இசையமைப்பாளர் ஓத்மார் ஷோக் 1927-28இல் ஒரு சொனாட்டா எழுதினார்: பாஸ் கிளாரினெட், பியானோ, வேறு எந்தக் கருவியும் இல்லை. ஆர்கெஸ்ட்ராவில் அவ்வப்போது நாலு வரி வாசித்துவிட்டு ஓய்ந்துவிடும் கருவி இங்கே முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலி வரை முன்னால் நிற்கிறது. இந்த ஜோடி எடுபடுவதற்கு ஷோக்கின் திறமையோடு இயற்பியலும் காரணம்.

கிளாரினெட்டின் குழல் பெரும்பாலும் ஒரே விட்டம் கொண்டது. ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடு) இருக்கும் முனை, பள்ளிப் பாடத்தில் வரும் மூடிய ஆர்கன் குழாயின் மூடிய முனையைப் போலவே நடந்துகொள்கிறது. அதனால் குழலுக்குள் அலைநீளத்தின் கால் பங்கு இருந்தால் போதும். இன்றைய பெரிய பாஸ் கிளாரினெட்டின் அடிச்சுரம் சுமார் 58 ஹெர்ட்ஸ். காற்றில் அதன் அலைநீளம் ஏறக்குறைய 5.9 மீட்டர். ஒன்றரை மீட்டர் குழலே அதை எழுப்பிவிடும். இரு முனையும் திறந்த புல்லாங்குழலாக இருந்தால் மூன்று மீட்டர் வேண்டும்!

மூடிய குழாய்க்கு இன்னொரு குணம் உண்டு. கீழ்ச்சுரங்களில் 1, 3, 5 என ஒற்றைப்படைச் சீரிசைகளே (அடிச்சுர அதிர்வெண்ணின் மடங்குகளாகக் கூடவே எழும் ஒலிகள்) ஓங்கி ஒலிக்கும், இரட்டைப்படை மெலிந்திருக்கும். அந்த ஆழ்ந்த, உள்ளீடற்ற நாதம் இதிலிருந்துதான் பிறக்கிறது. பியானோக் கம்பியோ இரு முனையும் கட்டப்பட்டது. எல்லாச் சீரிசைகளும் வரும். ஆகவே இரண்டும் ஒரே சுரத்தைத் தொட்டாலும் காது இரண்டையும் தனித்தனியே பிடித்துக்கொள்கிறது.

காலத்திலும் இவை நேரெதிர். சுத்தியல் பட்ட கணத்திலிருந்தே பியானோவின் ஒலி தேயத் தொடங்கும். பாஸ் கிளாரினெட் நிசப்தத்திலிருந்து துளிர்த்து, மூச்சு உள்ளவரை வளரும். தேய்ந்துகொண்டிருக்கும் பியானோ ஒலிக்கு அடியில் அது மெல்லத் தலைதூக்கும் இடங்கள்தான் இந்த வகை இசையில் எனக்கு மிகவும் பிடித்தவை.

ஆபத்தும் கீழேதான் இருக்கிறது. 58 ஹெர்ட்ஸும் 69 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் வித்தியாசம் 11 மட்டுமே; காதில் கரகரப்பாக விழும். அதே இடைவெளி மூன்று ஆக்டேவ் (ஒவ்வொன்றிலும் அதிர்வெண் இரட்டிக்கும்) மேலே போனால் வித்தியாசம் 88 ஆகி, இனிமையாகிவிடும். அதனால்தான் நன்கு எழுதும் இசையமைப்பாளர் பியானோவின் இடக்கைக்கு அடியில் நெருக்கமான சுரங்களைக் கொடுக்காமல் கிளாரினெட்டுக்கு வழிவிடுகிறார்.

செக் கலைஞர் யோசெஃப் ஹோராக் 1955இல் பிர்னோ நகரில் பாஸ் கிளாரினெட்டை மட்டுமே முன்னிறுத்தி முழுக் கச்சேரி செய்தார். பின்னர் பியானோ கலைஞர் எம்மா கோவார்னோவாவுடன் இணைந்தார். இந்த இருவருக்காகவே பலர் புதிதாக எழுதினார்கள்.

மேடையில் ஸ்ருதி மட்டும் முழுக்கக் குழல்காரரின் பொறுப்பு. குழலுக்குள் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் அரைச்சுரத்தில் (பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி) சுமார் நூற்றில் மூன்று பங்கு ஸ்ருதி இறங்கும். பியானோவை நடுவில் திருத்த முடியாது. பியானோ தனியே வாசிக்கும் நீண்ட பகுதிகளில் அவர் சத்தமில்லாமல் குழலுக்குள் வெதுவெதுப்பான மூச்சை ஊதிக்கொண்டிருப்பது இதனால்தான்.