உச்சந்தலையில் தட்டினால் புரை இறங்காது

போன ரம்புட்டான் சீசனில் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, மூன்று வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர். உள்ளே தோல் உரித்த முழு ரம்புட்டான், கோழை ஒட்டியபடி. "சிரிச்சிட்டே வாயில போட்டான் டாக்டரே. ஒரு சத்தமும் இல்ல, உதடு கறுத்துப் போச்சு." ஆரோ நினைக்கிறார்கள் என்று பாட்டி உச்சந்தலையில் தட்டியிருக்கிறார். அப்பா விரலை விட்டுத் தோண்ட, பழம் இன்னும் உள்ளே போயிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பையனைக் குனியவைத்து முதுகில் ஓங்கி அடித்த பிறகே வெளியே விழுந்தது.

"சோத்துக்கும் மூச்சுக்கும் ஏன் ஒரே வழிய வச்சான் கடவுள்?" என்று பாட்டி கேட்டார். காது மூக்கு தொண்டை மருத்துவனாக எனக்கும் அந்த வருத்தம் உண்டு. காரணம் மீனில் இருக்கிறது.

முதுகெலும்பிகளின் மூதாதைகள் கடலில் வாயால் நீரை உள்ளிழுத்து, தொண்டைப் பிளவுகள் வழியே வெளியே விட்டு, அதிலிருந்த துணுக்குகளைத் தின்றன. அப்போதே இரைக்கும் நீருக்கும் வாசல் ஒன்றுதான். பிறகு ஆக்சிஜன் குறைந்த நீரில் வாழ்ந்த மீன்கள் மேலே வந்து காற்றை விழுங்கின. உணவுக்குழாயின் அடிப்பக்கம் பை போலப் புடைத்தது; அதுதான் நுரையீரல். விளமீனை வெட்டும்போது முதுகெலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரு காற்றுப்பை வருமே, அதற்கும் நுரையீரலுக்கும் பூர்வீகம் ஒன்றே. (நம் குளத்து விரால் காற்றைக் குடிப்பது வேறு ஏற்பாடு, செவுளுக்கு மேலே தனி அறை.) சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டிக்டாலிக் என்ற மீனின் புதைபடிவம் 2004இல் கனடாவின் ஆர்க்டிக் தீவில் கிடைத்தது. செதிலும் துடுப்பும் மீனுடையவை. கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் தரைவிலங்கின் சாயல். அந்த வம்சத்துச் சொத்துதான் நமக்கு வந்தது. கருவில் நான்காவது வாரம் நுரையீரல் இன்றும் உணவுப்பாதையின் முன்சுவரிலிருந்தே முளைக்கிறது. மூக்கு மேலே, மூச்சுக்குழாய் முன்னே, உணவுக்குழாய் பின்னே. ஆகவே காற்றும் சோறும் தொண்டையில் குறுக்கே கடந்தாக வேண்டும். கரப்பானுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது மூச்சு விடுவது விலாத் துளைகளால்.

குரல்வளையில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். மேலே ஏறி இறங்கும். அந்த நொடியில்தான் மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. சிரித்தாலோ ஓடினாலோ தவறிவிடும்.

இருமவோ அழவோ முடிகிற குழந்தையை இருமவே விடுங்கள். சத்தம் வரவில்லையென்றால் குனியவைத்து இரு தோள்பட்டைகளுக்கு நடுவே 5 அடி. பிறகு பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 அழுத்தம். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒருவர் 108க்குக் கூப்பிடட்டும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் வயிற்றை அழுத்தக் கூடாது. தலை தாழ்ந்திருக்க முன்கையில் கவிழ்த்து முதுகில் அடி, பின் திருப்பி மார்பின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தம். கண்ணுக்குத் தெரியாததை விரலால் தோண்டாதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள்.

நிலக்கடலை வேறு மாதிரி. இருமி ஓய்ந்ததும் 'இறங்கிவிட்டது' என்று விட்டுவிடுவார்கள். அது பெரும்பாலும் அகலமான வலது மூச்சுக்கிளையில் போய் உட்கார்ந்திருக்கும். எக்ஸ்ரேயில் கடலை தெரியாமலும் போகும். சில நாள் கழித்து ஒரு பக்கம் மட்டும் இழுப்பு, விடாத சளி என்று வந்தால், அன்று புரையேறியதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பாட்டி இப்போது ரம்புட்டானைக் கொட்டை நீக்கி, கிழித்துத்தான் கொடுக்கிறாராம். பேரனுக்கு அதில் கோபம்.