டூயல் என்ரோல்மென்ட் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

கலிஃபோர்னியாவில் ஹைஸ்கூல் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் பாடம் எடுக்கலாம், அதற்குப் பெயர் டூயல் என்ரோல்மென்ட் என்ற செய்தி நம் குடும்பங்களில் பலருக்கும் எட்டியிருக்கிறது. எந்த வழியில் சேர்வது, எந்த இடத்தில் சறுக்கும் என்பது அந்த அளவுக்கு எட்டவில்லை. மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. பாடத்தின் அளவைச் சொல்லும் அலகுதான் யூனிட்; ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். ஹைஸ்கூல் மாணவர் பெரும்பாலும் அதைக் கூடக் கட்ட வேண்டியதில்லை.

சேர்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. பள்ளி மாவட்டமும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) காலேஜ் மாவட்டமும் ஒப்பந்தம் போட்டு நடத்துவது ஒன்று. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஏபி 288 என்ற மாநிலச் சட்டம் தந்த வழி இது. பள்ளியில் படிப்பு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர்கள் இதை ‘சி-கேப்’ என்பார்கள். ஒப்பந்தத்தில் உள்ள படிப்புத் திட்டத்தின்படி ஒரு பருவத்தில் 4 பாடங்கள், 15 யூனிட் வரை எடுக்கலாம். கட்டணமும் இல்லை, புத்தகச் செலவும் இல்லை. பெற்றோர் சம்மதமும் முதல்வர் பரிந்துரையும் ஒருமுறை கொடுத்தால் போதும்.

இன்னொன்று, மாணவர் தனியாக விண்ணப்பித்துச் சேர்வது. இதில் உச்சவரம்பு 11 யூனிட். பல காலேஜ்கள் யூனிட் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தாலும் சில சில்லறைக் கட்டணங்களும் புத்தகச் செலவும் வரலாம். பாட அட்டவணையில் ‘ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்’ என்று குறித்த வகுப்பைத் தேடி எடுத்தால் புத்தகச் செலவு மிச்சமாகும். தனியாகச் சேர்பவருக்குப் பதிவு வரிசையில் பெரும்பாலும் கடைசி இடம்தான் என்பதால், கேட்ட வகுப்பு நிறைந்திருந்தால் எடுக்க இன்னும் இரண்டு வகுப்புகளைக் கையில் வைத்திருங்கள்.

ஏபி 288 முக்கியமாக மனதில் வைத்தது, காலேஜ் பக்கம் போகாமலே நின்றுவிடக்கூடிய பிள்ளைகளை. ஒப்பந்த வகுப்பு ஹைஸ்கூல் வளாகத்திலேயே, பள்ளி நேரத்திலேயே நடந்தால் அந்தப் பிள்ளைகள் வருவார்கள். மாலை 4 மணிக்குக் காலேஜ் வளாகத்தில் வைத்தால் கார் இருக்கும் வீட்டுப் பிள்ளைதான் வரும். ஒப்பந்தம் மாவட்டக் கல்வி வாரியத்தின் பொதுக்கூட்டத்தில்தான் நிறைவேற வேண்டும். அங்கே பெற்றோர் எழுந்து பேசலாம், பேசவும் வேண்டும். வகுப்பு எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று கேளுங்கள். பாடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு சான்றிதழுக்கோ இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துக்கோ போய்ச் சேருமா என்றும் கேளுங்கள். சம்பந்தமில்லாத நான்கு பாடங்களைத் தூவிவிட்டு அதை வாய்ப்பு என்று சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

விண்ணப்பம், கம்யூனிட்டி காலேஜ்களின் பொது விண்ணப்பத் தளமான ‘சிசிசி அப்ளை’யில். நம் பிள்ளைகளுக்கு முதல் சிக்கல் பெயரில் வரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும். பள்ளியில் இனிஷியல் மட்டும் இருக்கும். காலேஜில் மூன்றாவது விதமாகப் பதிந்தால் பரிந்துரைப் படிவமும் விண்ணப்பமும் ஒன்றோடொன்று சேராது. பள்ளிப் பதிவில் உள்ள பெயரையே எழுத்து மாறாமல் கொடுங்கள். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று இரண்டாவது கணக்குத் திறக்காதீர்கள்; ஒரே மாணவருக்கு இரண்டு அடையாள எண் வந்துவிடும், பிரித்துச் சரிசெய்ய வாரங்கள் ஆகும். பள்ளி கொடுத்த மின்னஞ்சல் வேண்டாம். வெளியிலிருந்து வரும் கடிதங்களை அது தடுக்கலாம், பள்ளி முடிந்ததும் மூடப்படும். நிலை கேட்கும் இடத்தில் ‘ஹைஸ்கூலிலும் காலேஜிலும் ஒரே சமயத்தில் படிப்பவர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் முழுக் கட்டண ரசீது வரும்.

நேரக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். செமஸ்டர் முறையில் 1 யூனிட் என்றால் வகுப்பும் வீட்டு வேலையும் சேர்த்துக் குறைந்தது 48 மணி நேரம். 3 யூனிட் பாடத்துக்கு 144 மணி. 16 வார செமஸ்டரில் வாரம் 9 மணி, தாங்கும். அதே பாடத்தை 6 வாரக் கோடை வகுப்பாக எடுத்தால் வாரம் 24 மணி. ‘சம்மர்ல சும்மாதானே இருக்கான்’ என்று சேர்த்துவிட்டு நடுவில் ஊருக்கு டிக்கெட் போடும் வீடுகள் நிறைய.

வாங்கும் கிரேடு காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேடு) நிரந்தரமாக நிற்கும். மருத்துவக் கல்லூரி விண்ணப்பமான ஆம்காஸ், ஹைஸ்கூலில் எடுத்த காலேஜ் பாடங்களின் டிரான்ஸ்கிரிப்டையும் கேட்கிறது; 16 வயதில் வாங்கிய சி அந்த ஜிபிஏ (சராசரி கிரேடு) கணக்கில் வரும். அரசு நிதியுதவிக்குப் பொதுவாக எடுத்த யூனிட்டுகளில் 67 சதவீதத்தை முடித்திருக்க வேண்டும் என்பார்கள். 12 யூனிட் எடுத்து 6-ஐப் பாதியில் விட்ட மாணவர் அதே காலேஜில் பிறகு முழுநேரமாகச் சேர்ந்தால், 50 சதவீதத்தோடுதான் தொடங்குவார்.

பாடத்தை விட வேண்டுமென்றால் நாள் முக்கியம். பருவத்தின் ஐந்தில் ஒரு பங்கு முடிவதற்குள் விட்டால் பொதுவாகத் தடயமே இருக்காது. அதன்பின் முக்கால் பங்கு வரை பாதியில் விட்டதைக் காட்டும் ‘டபிள்யூ’ விழும், அதற்கப்புறம் கிரேடுதான். 6 வார வகுப்பில் முதல் கெடு இரண்டாம் வாரத் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். வகுப்புக்குப் போகாமல் நின்றால் ஆசிரியர் பெயரை நீக்கிவிடுவார் என்று நம்ப வேண்டாம். மாணவரே காலேஜின் இணையப் போர்ட்டலில் நுழைந்து விட்டால்தான் விட்டது.

யூசிக்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போக எண்ணுபவர்களுக்கு: யூசிக்கு மாற்றத்தக்க 3 செமஸ்டர் யூனிட் பாடம் ஒன்று, யூசி சேர்க்கைக்கு ஹைஸ்கூலில் முடிக்க வேண்டிய பாடப் பட்டியலான ஏ-ஜி தேவையில் ஒரு முழு ஆண்டுப் பாடத்துக்குச் சமம். பள்ளி முடிவதற்குள் எத்தனை யூனிட் சேர்த்தாலும் முதலாண்டு மாணவராகவே விண்ணப்பிக்கலாம். பாடம் மாற்றத்தக்கதா என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் பாருங்கள். அது யூசி, சிஎஸ்யூ (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) இரண்டுக்கும்தான். தனியார் பல்கலைக்கழகங்களில் பல, ஹைஸ்கூல் டிப்ளமாவுக்குக் கணக்கில் எடுத்த பாடத்துக்கு யூனிட் தருவதில்லை. இந்தப் பாடத்தை டிப்ளமாவில் எப்படிச் சேர்ப்பார்கள் என்று பள்ளிக் கவுன்சிலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலேஜ் பதிவுகளைப் பார்க்கும் உரிமை, 18 வயது ஆகாவிட்டாலும், கல்விப் பதிவுகளின் ரகசியம் காக்கும் ஃபெர்பா சட்டப்படி மாணவருக்குத்தான். அம்மா தொலைபேசியில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். பள்ளியில் ஐஇபி (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) உதவி பெறும் பிள்ளைக்கு அது காலேஜில் தானாகத் தொடராது. பிள்ளையே மாற்றுத்திறனாளி மாணவர் சேவை அலுவலகத்துக்கு எழுத வேண்டும், அதுவும் வகுப்பு தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போதே. அந்த முதல் மின்னஞ்சலைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதப் பழக்கிக் கொடுங்கள். அனுப்புவது பிள்ளையாக இருக்கட்டும்.