காதுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே: முழு அளவு ஹெட்ஃபோனைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் நல்ல ஹெட்ஃபோன் தேடுகிறவருக்கு முதல் சிக்கல், போட்டுக் கேட்டு வாங்க இடம் கிடைக்காதது. கைப்பேசிக் கடைகளில் பெரும்பாலும் காதுக்குள் செருகுபவைதான் தொங்கும். காதைச் சுற்றி முழுதாக மூடும் பெரிய வகைகளை வரிசையாக மாட்டிப் பார்க்க வேண்டுமென்றால் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டும். இல்லாவிட்டால் ஷோப்பி, லஸாடா போன்ற இணையக் கடைகளில் படத்தையும் எண்களையும் நம்ப வேண்டும். அந்த எண்களில் பாதி உதவாது. "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று எண்பது வெள்ளி (ரிங்கிட்) பெட்டியிலும் அச்சடித்திருக்கும், எண்ணூறு வெள்ளிப் பெட்டியிலும் அச்சடித்திருக்கும். அந்த எல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்று சொல்லாதவரை அதற்குப் பொருள் இல்லை. "50 மி.மீ. டிரைவர்" (ஒலி எழுப்பும் பகுதி) என்பதும் அப்படித்தான். 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்துவரும் சோனி எம்டிஆர்-7506இல் இருப்பது 40 மி.மீ. டிரைவர்.

எண்களுக்கு முன்னால் பார்க்க வேண்டியது, காதுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே அடைபடும் ஒரு பிடி காற்று. ஹெட்ஃபோனின் குணத்தில் பெரும்பகுதியை அதுதான் தீர்மானிக்கிறது.

வேலை நடப்பது இப்படி. மெல்லிய பிளாஸ்டிக் சவ்வின் பின்புறம் ஒட்டிய கம்பிச்சுருள், காந்தத்தின் இடுக்கில் தொங்குகிறது. பாட்டின் மின்சார அலை சுருளில் ஓடும்போது சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது. அறையில் வைத்த ஸ்பீக்கர் 40 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பப் பெரிய கூம்பு வேண்டும். அந்த ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். சிறிய சவ்வு தள்ளும் காற்று அழுத்தமாக மாறாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். காதை மூடிய கிண்ணத்தில் நிலைமை வேறு. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை அழுத்தினால் கொஞ்சம் அசைத்தாலே அழுத்தம் ஏறுகிறது அல்லவா, அதே கதைதான். அடைத்த சிறு வெளியில் சவ்வு எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு அழுத்தம் உண்டாகும், அலைவரிசை எவ்வளவு தாழ்ந்தாலும். கைப்பேசி தரும் சிறு மின்சாரத்தில் ஹெட்ஃபோன் நெஞ்சதிரும் பேஸைத் தருவது இதனால்தான்.

விரலை எடுத்தால் பம்பில் அழுத்தம் நிற்காது. ஹெட்ஃபோனிலும் ஓட்டை விழுந்தால் முதலில் போவது பேஸ். மூக்குக்கண்ணாடியின் கால், காதோரம் ஒதுக்கிய தடித்த பின்னல், தாடையெலும்புக்குக் கீழே மெத்தை படியாத இடம், இவற்றில் எது இருந்தாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பல டெசிபல் இறங்கிவிடும். "என் ஹெட்ஃபோனில் பேஸே இல்லை" என்கிறவர் இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பார்க்கட்டும். ஒலி திடீரெனக் கனத்தால் குறை டிரைவரில் இல்லை, கசிவில் இருக்கிறது. கண்ணாடி அணிபவர்கள் மென்மையான, தடித்த மெத்தை உள்ளதையே பார்க்க வேண்டும். கெட்டியான மெத்தை கண்ணாடிக் காலை மண்டையில் அழுத்தும், கசிவும் நிற்காது.

மூடியதா, திறந்ததா?

கிண்ணத்தின் வெளிப்புறம் கெட்டியாக மூடியிருந்தால் அது மூடிய வகை. வலையோ துளைத்தட்டோ இருந்தால் திறந்த வகை. சென்ஹைசர் நிறுவனம் 1968இல் எச்டி 414 என்ற ஹெட்ஃபோன் வழியாகத் திறந்த வகையைப் பரவலாக்கியது. மூடிய கிண்ணத்தில் சவ்வின் பின்பக்க ஒலி சுவரில் மோதித் திரும்பிப் பாட்டோடு கலக்கிறது. நல்ல தயாரிப்பில் பஞ்சும் நுரையும் அதை உறிஞ்சும். மலிவானதில் ஒலி டப்பாவுக்குள் கேட்பது போலிருக்கும். திறந்த வகையில் அந்த ஒலி வெளியே போய்விடுவதால் வீணையும் புல்லாங்குழலும் மூச்சு விட இடம் கிடைக்கிறது. விலையாகக் கொடுப்பது இரண்டு: ஒன்று, ஆழ்ந்த பேஸ் மெலியும்; இரண்டு, வெளிச்சத்தம் தடையின்றி உள்ளே வரும், உங்கள் பாட்டும் தடையின்றி வெளியே போகும்.

நம் ஊர் வீடுகளில் இந்த இரண்டாவது விலை பெரிது. பலகைச் சுவர், தகரக் கூரை, விசிறி, கதவைத் திறந்தால் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி. நள்ளிரவில் தனி அறையில் கேட்பவருக்குத் திறந்த வகை அருமையான வாங்கல். கூடத்தில் நால்வரோடு உட்கார்ந்து கேட்பவருக்கு அது வீண்செலவு. சந்தேகம் இருந்தால் மூடியதையே வாங்குங்கள் என்பேன்.

சத்தத்தை ரத்து செய்யும் வகைகள் எல்லாச் சத்தத்தையும் ரத்து செய்வதில்லை. வெளியிலுள்ள மைக் சத்தத்தைப் பிடிக்கிறது. உள்ளே அதற்கு நேரெதிரான அலை எழுப்பப்படுகிறது. ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழ், சீராக ஓடும் சத்தத்துக்கே இது நன்றாக உதவும். விசிறி, ஏர்கண்டிஷன், ஈப்போ போகும் பஸ்ஸின் எஞ்சின் எல்லாம் அடங்கிவிடும். தகரக் கூரையில் கொட்டும் மழை எல்லா அலைவரிசையிலும் சிதறிய சத்தம். அதன் மேல்பகுதியைத் தடுப்பது மின்னணுவியல் அல்ல, தடித்த மெத்தையும் கெட்டிக் கிண்ணமும்தான். மாலைதோறும் மழை பெய்யும் ஊரில் இந்த வித்தியாசத்துக்கு விலை உண்டு. புளூடூத் வகை வாங்குவதானால் அதில் எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மலேசியாவில் விற்கும் கம்பியில்லாக் கருவிக்கு அது கட்டாயம்.

எந்தப் பாட்டுக்கு எது?

அறையில் நேரே எதிரிலிருந்து வரும் ஒலியைக் காதின் மடலும் துளையும் 3,000 ஹெர்ட்ஸ் அருகே தாமாகவே உயர்த்திக் கொடுக்கின்றன. பிறந்தது முதல் அப்படியே கேட்டுப் பழகியதால் அதுதான் இயல்பு என்று மூளை எடுத்துக்கொள்கிறது. காதை மூடியபின் அந்த உயர்வு மாறிவிடும். எனவே நல்ல ஹெட்ஃபோன் அந்த இடத்தில் ஒரு மேட்டை வேண்டுமென்றே வைக்கிறது. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் கேட்போரை வைத்துச் செய்த ஆய்வுகளில், அந்த மேட்டோடு ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சற்றே தூக்கிய பேஸும் சேர்ந்த ஒலியைத்தான் பெரும்பாலோர் விரும்பினர். ஆன்லைனில் காணும் அளவீட்டுப் படங்களில் "ஹார்மன் வளைகோடு" என்பது அதுவே.

இதை நம் பாட்டுகளோடு பொருத்திப் பார்ப்போம். கச்சேரி கேட்பவருக்கு மிருதங்கம் நல்ல உரைகல். அதன் வலந்தலையில் பூசிய கரும்பூச்சால் மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு கூடவே எழும் உயர்ந்த சுரங்கள்) ஒழுங்கான மடங்குகளாக அமைகின்றன என்று சி.வி. ராமன் 1920இலேயே எழுதினார். தோலை அடிக்கும்போதே சுருதி கேட்பது அதனால்தான். இடந்தலையில் உள்ளங்கை அழுந்த எழும் கும்கி, தாழ்ந்த சுரத்தில் வழுக்கிப்போகும். 150 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை உப்பிய ஹெட்ஃபோனில் கும்கி வெறும் "தொம்" ஆகிவிடும். கூடவே குரலும் கம்பளிக்குள் போய்விடும். கச்சேரி, வீணை, பழைய குரலிசை இவற்றுக்குப் பேஸ் அளவாகவும் நடுப்பகுதி தெளிவாகவும் உள்ளது வேண்டும். சென்ஹைசர் எச்டி 560எஸ், விலை குறைவான பிலிப்ஸ் எஸ்எச்பி9500 போன்ற திறந்த வகைகள் இங்கே பொருந்தும்.

நாதஸ்வரத்துக்கு எதிர்ப்பக்கக் கவலை. இரட்டைச் சீவாளி வாத்தியம், மேற்சுரங்கள் நிறைந்தது. 3,000 ஹெர்ட்ஸ் மேடு அளவு மீறினால் கால்மணி நேரத்தில் காது வலிக்கும். 8,000 ஹெர்ட்ஸ் அருகே கூர்முனை உள்ளவற்றில் பாடகரின் "ச", "ஸ" எல்லாம் ஊசியாகக் குத்தும், ஜால்ராவும் அப்படியே. பேயர்டைனமிக் டிடி 990 நல்ல தயாரிப்புதான், ஆனால் மேல்பகுதி தூக்கலானது. நாதஸ்வரப் பிரியருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்பதுகளின் திரைப்பாட்டில் உயிரே பேஸ் கிதார். அதன் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், ஆனால் மெட்டாகக் காதில் விழுவது பெரும்பாலும் 80, 120 ஹெர்ட்ஸில் உள்ள மேற்சுரங்கள். அங்கே சீராக உள்ள எந்த மூடிய ஹெட்ஃபோனும் போதும்; ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ் இதற்கு மிகப் பொருத்தம். இன்றைய ராப் பாட்டுக்கும் ஹிப்ஹாப்புக்கும் 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை அழுத்தம் வேண்டும். அது மூடிய வகையின் வேலை, கசிவில்லாமல் படிந்தால் மட்டும்.

உறுமி மேளம் கேட்பவர்களுக்கு ஒரு சொல். உறுமியின் இழுப்பும் தவிலின் சுளீரும் சேர்ந்து வரும் நல்ல ஒலிப்பதிவு கிடைத்தால் மூடிய ஹெட்ஃபோனில் கேட்பது பேரின்பம். ஆனால் தைப்பூசக் காவடியின்போது கைப்பேசியில் பிடித்த காணொளியில் மைக் திணறி அலையின் தலை வெட்டுப்பட்டிருக்கும். தெளிவான ஹெட்ஃபோன் அந்த வெட்டை இன்னும் தெளிவாகக் காட்டும். இழந்த ஒலியை எந்த விலையும் மீட்டுத் தராது.

கைப்பேசி போதுமா, ஆம்ப் வேண்டுமா?

பெட்டியில் உண்மையாகவே பயன்படும் எண்கள் இரண்டுதான்: மின்தடை (ஓம்), உணர்திறன் (1 மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல்). ஒரு கணக்கு. உணர்திறன் 96 டெசிபல், பாட்டின் உச்ச அடி 110 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 14 டெசிபல், அதாவது 25 மடங்கு திறன், 25 மில்லிவாட். 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு இதைத் தர ஏறக்குறைய 0.9 வோல்ட் போதும். 80 ஓமுக்கு 1.4 வோல்ட். 250 ஓமுக்கு 2.5 வோல்ட். கைப்பேசியில் செருகும் சிறிய யுஎஸ்பி-சி மாற்றி பெரும்பாலும் 1 வோல்ட் அளவே தரும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று வெவ்வேறு வடிவங்களில் விற்கிறது. விலை மலிவாகக் கிடைத்ததென்று 250 ஓமை வாங்கிக் கைப்பேசியில் செருகி "ஒலி போதவில்லை" என்பவர்கள் உண்டு. கைப்பேசிக்கு 32 ஓம் அளவில், 95 டெசிபலுக்கு மேல் என்று வைத்துக்கொண்டால் ஆம்புக்கு, அதாவது திறன் கூட்டும் தனிக்கருவிக்குச் செலவில்லை. ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ போன்ற தட்டைக்காந்த வகைகளில் (சுருளுக்குப் பதில் தட்டைச் சவ்விலேயே மின்பாதை படிந்தவை) ஓம் குறைவாக இருந்தாலும் உணர்திறன் 91 டெசிபல்தான். அவற்றுக்கு ஆம்ப் உதவும்.

பணம்

விலைகள் விற்பனை நாளுக்கு நாள் மாறும், ஆனால் படிகள் மாறுவதில்லை. 150 வெள்ளிக்குள் கம்பியுள்ளதை மட்டும் பாருங்கள். அந்த விலையில் புளூடூத் வாங்கினால் பாதிப் பணம் பேட்டரிக்கும் சிப்புக்கும் போய்விடும். சூப்பர்லக்ஸ் எச்டி 681 இந்தப் படியில் உள்ளது. மேல்பகுதி கூர்மை, ஈக்குவலைசரில் (ஒவ்வோர் அலைவரிசையையும் தனியே கூட்டிக் குறைக்கும் செயலி) தணிக்கலாம். 400 முதல் 800 வெள்ளிவரை உள்ள படிதான் கொடுத்த பணத்துக்கு மிக அதிகம் திரும்பக் கிடைக்கும் இடம். அதற்கு மேலே ஒவ்வொரு நூறு வெள்ளிக்கும் கிடைக்கும் வித்தியாசம் சுருங்கிக்கொண்டே போகும். விலையுயர்ந்த கேபிளுக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

ஈக்குவலைசர் செலவில்லாத மேம்பாடு. ஆண்ட்ராய்டில் வேவ்லெட், விண்டோஸில் ஈக்குவலைசர் ஏபிஓ இரண்டும் போதும். கூட்டுவதைவிடக் குறைப்பது நல்லது. ஓரிடத்தை 4 டெசிபல் கூட்டினால் மொத்த ஒலியையும் 4 டெசிபல் இறக்குங்கள், இல்லாவிட்டால் உச்ச அடிகளில் கரகரப்பு வரும்.

பெட்டி வந்ததும்

திருப்பி அனுப்பும் நாள்கள் முடியுமுன் சோதித்துவிட வேண்டும். இருபது நிமிடம் கழற்றாமல் மாட்டியிருங்கள்; உச்சந்தலையும் தாடையும் வலிக்கிறதா? 300 கிராமுக்குள் இருந்தால் நீண்ட நேரம் தாங்கும். ஒற்றைக் குரல் பாட்டைப் போடுங்கள். குரல் நடுநெற்றியில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் கூடவே மாறினால் டிரைவர்கள் சமமில்லை. 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் தனிச்சுரத்தை மெதுவான ஒலியில் ஓடவிட்டால், சவ்வில் ஒட்டிய தலைமுடியும் தளர்ந்த திருகும் கிறீச்சிட்டுக் காட்டிக்கொடுக்கும். இரண்டு ஹெட்ஃபோனை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்குவது கட்டாயம். ஒரு டெசிபல் கூடினாலே அது நல்லதாகக் கேட்கும்.

குரல் மட்டும் மறைந்து வாத்தியங்கள் எதிரொலியோடு கேட்டால் பயப்பட வேண்டாம். பிளக் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது பொதுக்கம்பி அறுந்திருக்கிறது. அப்போது இடது வலது ஒலிகளின் வேறுபாடு மட்டுமே காதுக்கு வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிந்த குரல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. கைப்பேசி உறை தடிப்பாக இருந்தாலும் இது நடக்கும்.

ஒலியளவுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு: வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். மழைச் சத்தத்தை மீறக் கூட்டிய ஒலியை மழை விட்டதும் குறைக்க மறப்பதுதான் வழக்கமான தவறு.

நம் ஈரக்காற்றில் முதலில் சாவது மெத்தை. செயற்கைத் தோலின் பாலியூரித்தேன் ஈரத்திலும் வியர்வையிலும் சிதைந்து இரண்டு மூன்று ஆண்டில் கறுப்புச் செதிலாக உதிரும். தலையெண்ணெய் அதை விரைவுபடுத்தும். கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, விசிறிக் காற்றில் ஆறவிட்டபின் உறையில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட வேண்டாம். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கும் மாடலா என்று வாங்குமுன்பே தேடிப் பாருங்கள். மாற்றும்போது அசலின் தடிமனும் உள்துளையின் அளவும் மேலுறையும் ஒத்திருக்க வேண்டும். தோல் மெத்தைக்குப் பதில் வெல்வெட் போட்டால் காது குளிரும், கசிவு கூடும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பேஸில் ஒரு பங்கு அதன் வழியே போய்விடும்.