சொலிஃப்ளோர்: தமிழில் ஒருமலர் நறுமணம்

வாசனைத் திரவியங்களைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் அடிக்கடி அடிபடும் பிரெஞ்சுச் சொல் சொலிஃப்ளோர். ஒரே ஒரு பூவின் மணத்தை மட்டும் நினைவுபடுத்தும் செண்ட் என்று பொருள். ரோஜா என்றால் ரோஜா, வயலட் என்றால் வயலட். மூக்கு வேறு பக்கம் போகக் கூடாது.

வேர் லத்தீன். 'சோலுஸ்' என்றால் தனி, 'ஃப்ளோஸ்' என்றால் பூ. பிரெஞ்சு வீடுகளில் இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஒற்றைக் காம்பு மட்டும் நிற்கிற அளவுக்கு வாய் குறுகிய பூச்சாடி.

இதன் எதிர்ச்சொல் 'பூக்கே', பல பூ மணங்கள் கலந்தது. அதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டாம், கதம்பம் இருக்கிறது. 1912இல் ஹூபிகான் நிறுவனம் வெளியிட்ட 'கெல்க் ஃப்ளேர்' நல்ல உதாரணம். அந்தப் பெயருக்கே 'சில பூக்கள்' என்றுதான் அர்த்தம்.

சரி, சொலிஃப்ளோர் என்றால் அந்தப் பூவிலிருந்து எடுத்த சாரம் மட்டும்தான் உள்ளே இருக்குமா? இல்லை. ஒரு பூ என்பது முகர்கிறவருக்கு; செய்கிறவர் பத்து இருபது பொருள்களைக்கூடச் சேர்த்திருப்பார். சில பூக்களில் அதைத் தவிர வேறு வழியும் கிடையாது. மியுகே அப்படிப்பட்டது.

ஐரோப்பியக் காட்டு நிழலில் வசந்தத்தில் பூக்கும் சின்னச் செடி அது. வளைந்த காம்பில் குட்டி வெள்ளை மணிகள் தலைகுனிந்து தொங்கும். பிரான்சில் மே 1 அன்று இதில் ஒரு கொத்தைத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். மணத்தில் ஈரமான பசுமை, லேசான எலுமிச்சை, அடியில் ரோஜா மல்லிகைச் சாயல் எல்லாம் உண்டு. ஆனால் பிழிந்தாலும் காய்ச்சினாலும் கரைப்பானில் ஊறவைத்தாலும் தொழிலுக்கு உதவும் எண்ணெய் வராது. 'ஊமைப் பூ' என்று வாசனைத் தொழிலில் பெயரே வைத்துவிட்டார்கள். மதுரை மல்லி அந்த வகையில் தாராளம். கரைப்பானில் போட்டால் தன் மணத்தைக் கொடுத்துவிடும்.

இந்த ஊமைப் பூவைப் பேசவைத்தவர் எட்மோன் ருட்னிட்ஸ்கா என்ற பிரெஞ்சு செண்ட் கலைஞர். 1946இல் சொந்த ஆய்வகம் தொடங்கி, பெரிய நிறுவனங்களுக்குச் செய்து கொடுத்தாலும் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல் தனித்து இயங்கியவர். தென் பிரான்சில் க்ராஸ் நகருக்குப் பக்கத்தில் கப்ரீ என்ற ஊரில் குடியேறி, தோட்டத்தில் மியுகேவை நட்டு, பூக்கும்போது முகர்ந்து முகர்ந்து பார்த்தார். 1956இல் டியோர் நிறுவனத்தின் பெயரில் வெளிவந்த டியோரிஸிமோ என்ற செண்ட் அதன் பலன். மியுகே, ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோருக்கு ரொம்பப் பிடித்த பூ. பூவின் சாரம் ஒரு சொட்டும் இல்லாமல், இயற்கைச் சாரங்களையும் செயற்கை மூலக்கூறுகளையும் வைத்துக் கட்டிய மணம் இது. மியுகே செண்டுகளுக்கு இன்றைக்கும் இதைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள்.

அந்தக் காலத்து மியுகேவுக்கு முதுகெலும்பு ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால் என்ற மூலக்கூறு. ஒவ்வாமை காரணமாக அதன் அளவுக்கு இப்போது கட்டுப்பாடு உண்டு. பின்னாளில் வந்த லிலியால் என்ற இன்னொரு மியுகே மண மூலக்கூறுக்கு 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடையே வந்துவிட்டது. ஆகவே இன்று சிறு அளவில் தனியாகச் செய்கிறவர் மியுகே செய்ய இறங்கினால், பழைய செய்முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பூவைக் காட்டுவதற்கு இவ்வளவு வேலை.

இனி தமிழ்ச் சொல். முதலில் வாயில் வருவது 'ஒருபூ'. அது வயற்காட்டுச் சொல். வருஷத்துக்கு ஒரு போகம் விளையும் நிலத்தை ஒருபூ நிலம் என்போம். 'ஒருமலர் மணம்' அழகுதான், ஆனால் கல்யாணப் பத்திரிகை வாடை அடிக்கிறது. 'தனிமலர்ச் சாறு', 'ஒற்றைப்பூ எண்ணெய்' போன்றவை பொருளையே கெடுத்துவிடும். சாறோ எண்ணெயோ இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. எழுத்தில் 'ஒருமலர் நறுமணம்' என்றும் பேச்சில் 'ஒற்றைப்பூ வாசனை' என்றும் சொல்வதே என் தேர்வு. சொற்றொடரில் வைத்துப் பாருங்கள்: "டியோரிஸிமோ ஒருமலர் நறுமணம், கெல்க் ஃப்ளேர் கதம்பம்."

மியுகேவை மட்டும் மொழிபெயர்க்காமல் விடலாம். 'பள்ளத்தாக்கு லில்லி' என்று சிலர் எழுதுகிறார்கள், ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தது. இன்றைய தாவரவியல் வகைப்பாட்டில் அது லில்லிக் குடும்பத்தில்கூட இல்லை. நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தில் இருக்கிறது.