விடியட்டும், பார்க்கலாம்

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும் என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது. வயதானவர்களுக்கு, அதிலும் பல வருடச் சர்க்கரை நோயாளிகளுக்கு, நெஞ்சு வலி வராமலேகூடப் போகலாம். மூச்சு வாங்கும், வியர்க்கும், மேல்வயிறு கனக்கும். வலியைக் கடத்தும் நரம்புகளைச் சர்க்கரை மெல்ல மெல்லக் கெடுத்துவிடுவது இதற்கு ஒரு காரணம். நிமோனியாவும் சில முதியவர்களிடம் காய்ச்சலே இல்லாமல், திடீர்க் குழப்பமாகவோ தடுமாறி விழுவதாகவோதான் தலைகாட்டும்.

தனியாக இருப்பவர் இந்த மங்கலான சமிக்ஞையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் லெவந்தால் சொன்னபடி, உடம்பில் ஏதாவது தோன்றினால் மனம் முதலில் அதற்கு ஒரு பெயர் வைக்கிறது. எதனால் வந்தது, எத்தனை நாள் இருக்கும், நம்மால் சமாளிக்க முடியுமா என்பதெல்லாம் அந்தப் பெயரை ஒட்டியே வருகின்றன. 'வாயு' என்று பெயர் வைத்தால் மருந்து ஓமத் தண்ணீர். குடித்ததும் ஓர் ஏப்பம் வரும், கனம் கொஞ்சம் குறையும். சரி, வாயுதான்! இதயத்துக்குப் போகும் ரத்தம் தடைபடுவதால் வரும் கனமும் இப்படி வந்து வந்து போகும் என்பதுதான் சிக்கல். மெதுவாக வளரும் தொல்லை என்றால் இன்னும் சுலபம். 'வயசாயிடுச்சு' என்ற பெயர் தயாராக இருக்கிறது.

பெயர் சரியாக வைத்தாலும் கிளம்பிவிடுவார்கள் என்றில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு யார் கூட வருவார்கள்? வீட்டை யார் பூட்டுவது? பெங்களூரில் இருக்கும் மகளை எழுப்ப வேண்டுமா? என்னைக் கேட்டால், இவற்றைவிடப் பெரியது யாரும் வாய்விட்டுச் சொல்லாத பயம்: ஒரு தடவை அட்மிட் ஆனால், 'இனிமேல் தனியா இருக்க வேண்டாம்' என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்களே.

உடம்பு இதற்கெல்லாம் காத்திருக்காது. ரத்தக்குழாய் முழுதாக அடைத்தால், ஏறக்குறைய அரை மணி நேரத்திலேயே இதயத் தசை சாகத் தொடங்கும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் இலவசமாக ஓடுகிறது. ஆனால் மாரடைப்பில் பெரும்பாலும் அதிக நேரத்தை விழுங்குவது வண்டியல்ல, கூப்பிடலாமா என்ற யோசனைதான்.

போனில் 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் பதில் வரும். 'காலையில கோலம் போட்டீங்களா? மாடிக்குப் போனீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். நேற்றுவரை செய்த வேலை இன்று திடீரென நின்றிருந்தால், வலி இல்லை என்று அவர்கள் சொன்னாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. மூச்சுத் திணறலோ, வியர்த்துக் கொட்டுவதோ, பேச்சுக் குழறலோ சேர்ந்தால் நேராக 108.